இடது கை அச்சு

சுண்டுவிரலில் தொடங்கினால் சுலபம், அதற்குத்தான் பிடி குறைவு. இராமநாதன் மாமனார் அழகுசுந்தரத்தின் இடது கைச் சுண்டுவிரலை மெல்ல நிமிர்த்தினான். அடுத்தது மோதிரவிரல். நடுவிரலுக்கு வருவதற்குள் சுண்டுவிரல் மறுபடியும் மடங்கிக்கொண்டது. வாயும் வலப்பக்கமும் விழுந்து ஒரு மாதமாகப் பாயோடு கிடக்கிற மனிதருக்கு, இந்தக் கையில் மட்டும் இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

அந்தக் கைக்குள் இருந்தது அவன் மனைவி கல்யாணசுந்தரியின் இடது கை. அவளுடைய வலது கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது. தலைப்பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தவளுக்கு இப்போது நிறைமாதம். தரையில் உட்கார முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு, அப்பாவின் பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ரெண்டு வாய்தான் இருக்கு. குடிச்சு முடிக்கட்டும், விடுங்க" என்றாள்.

அவர் விழுங்குவதை நிறுத்திக் கொஞ்ச நேரமாகிவிட்டது. ஊட்டிய கஞ்சி கடைவாய் வழியாக இறங்கித் தலையணையை நனைத்திருந்தது. அவளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஊட்டினாள்.

அவளுடைய சித்தப்பா குமரப்பன் வாசல்படியில் நின்று அவசரப்படுத்தினார். மூச்சு மாறிவிட்டது, பிள்ளைத்தாச்சி இனி ஒரு நிமிஷம்கூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் பிணத்தைப் பார்க்கக் கூடாது. பெற்ற அப்பாவாக இருந்தாலும் அதுதான் வழக்கம், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கஞ்சியைச் சாக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒருவர் அந்தக் கையைப் பிரித்தாக வேண்டும், கட்டியவன் என்பதால் அது இராமநாதன் தலையில் விழுந்தது.

கடைசியில் கட்டைவிரலையும் பிரித்து அவள் கையை வெளியே எடுத்தான். பிடித்திருந்த கை அதே வளைவோடு பாயில் கிடந்தது. அவளுடைய அத்தை வள்ளிக்கண்ணு, அழகுசுந்தரத்தின் கூடப்பிறந்தவள், அவளைத் தோளோடு அணைத்துப் பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனாள். வள்ளிக்கண்ணுவின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கல்யாணசுந்தரி ஒருமுறை திரும்பினாள்.

"நான் கையை எடுக்கலை. நீங்கதான் எடுத்தீக."

அழவில்லை, கத்தவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் முதல் தெருவைத் தாண்டியிருப்பாள், அழகுசுந்தரம் போய்விட்டார்.

காரைக்குடியைச் சுற்றி எந்தப் பெரிய வீட்டின் முகப்பை அண்ணாந்து பார்த்தாலும் அங்கே அழகுசுந்தரத்தின் வேலை ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். யானைகள் இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றும் லட்சுமி, துப்பாக்கி பிடித்த சிப்பாய், சிறகு விரித்த கிளி. குன்றக்குடிப் பக்கத்துக் கோயில் கோபுரங்களில் மூக்குடைந்த சாமிகளுக்கெல்லாம் மூக்கு வைத்ததும் அவர்தான். உள்ளே கம்பி கட்டி, செங்கல் வைத்து, மேலே சுண்ணாம்புச் சாந்தான சுதையை அப்பி அப்பி உருவம் எழுப்புகிற வேலை. இராமநாதனுக்குக் கல்லல் ஊரில் தச்சு வேலை. மாமனார் பேசும் நிலையில் இருந்தவரைக்கும் மாப்பிள்ளையைச் சீண்டாமல் விட்டதில்லை. சிலை செய்வதில் எடுக்கிறது, வைக்கிறது, ஊற்றுகிறது என்று மூன்றே காரியம்தான் என்பார். கல்லிலும் மரத்திலும் வேண்டாததை எடுக்கிறது. மண்ணிலும் சுதையிலும் வேண்டியதை வைக்கிறது. அச்சில் ஊற்றுகிறது. "உங்க வேலையில ஒரு தடவை கூடுதலாச் செதுக்கிட்டா போச்சு மாப்பிள்ளை. நான்னா மறுபடி ஒரு உருண்டையை எடுத்து அப்பிருவேன்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார்.

இதில் ஊற்றுகிற காரியம் மட்டும் மாமியார் மீனம்மாளுடையது. அழகுசுந்தரத்துக்கு முகம் சுலபமாக வந்துவிடும், கைதான் படுத்தும். அதனால் எந்தச் சாமிக்குக் கை வைப்பதற்கு முன்னாலும் தன்னுடைய இடது கையைப் பிளாஸ்டரில் அச்செடுத்து, அதிலிருந்து ஒரு கையை வார்த்து எதிரே வைத்துக்கொள்வார். வலது கை வேண்டுமென்றால் கண்ணாடியைச் சாய்த்து வைத்து அதில் பார்த்துச் செய்வார். ஒரு கையை அச்சுக்குக் கொடுத்துவிட்டவர் எப்படிப் பிளாஸ்டர் கலக்குவார்? எனவே கலக்குவது, எண்ணெய் தடவுவது, ஊற்றுவது எல்லாம் மீனம்மாள். வேலை முடிந்ததும் அச்சையும் வார்த்த கையையும் உடைத்து முருங்கை மரத்தடிப் பள்ளத்தில் போட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் சோம்பேறித்தனம் வந்து எல்லாச் சாமிக்கும் ஒரே கையாகிவிடும் என்பது அவர் கட்சி. அதனால் அந்த வீட்டில் அவருடைய பழைய கை ஒன்றுகூட மிச்சமில்லை. படமும் கிடையாது. ஒரு வீட்டு முகப்பு முடிந்தபோது எல்லோரையும் நிறுத்தி எடுத்த படத்தில், பொத்தானை அழுத்துகிற நேரம் பார்த்து மேலே கிளியைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். காதும் தலைப்பாகையும்தான் விழுந்திருந்தன.

தலைமாட்டில் விளக்கேற்றினார்கள். தாடையையும் கால் விரல்களையும் கட்டினார்கள். பெண்கள் வரவர அழுகை ஏறியது. இராமநாதனுக்கு அங்கே வேலையே இல்லை. மனைவி நிறைமாதமாக இருக்கும்போது புருஷன் முகம் மழிக்கக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, சுடுகாட்டுக்கும் போகக் கூடாது. நாலு மாதத் தாடியோடு தூணோரம் நின்றான். வருகிறவர்கள் அவன் தாடியைப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டி விட்டுப் போனார்கள்.

உச்சிப்பொழுது ஆகும்போது பின்பக்கச் சந்திலிருந்து வள்ளிக்கண்ணு கூப்பிட்டாள். அண்ணன் செத்த வீட்டுக்குள் அவளும் வர முடியாமல், பிள்ளைத்தாச்சியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பச்சைத் தண்ணி பல்லுல படலை. காலையில இருந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கா. ஒரே ஒரு தடவை கையைப் பிடிச்சுட்டு வந்துர்றேங்கிறா. வயித்துப் பிள்ளை என்னத்துக்காகும்? எனக்குப் பயமா இருக்கு மாப்பிள்ளை."

இராமநாதன் குமரப்பனைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டான். முகத்தை மூடிவிடலாம், பின்வாசல் வழியாக வந்து கையை மட்டும் தொட்டுவிட்டுப் போகட்டும் என்றான். கெஞ்சினான் என்றே சொல்லலாம். குமரப்பன் கோபப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"என் மாமியா செத்தப்ப என் வீட்டுக்காரிக்கு அஞ்சு மாசம். யார் சொல்லியும் கேக்காம நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. குமரப்பனுக்குக் குழந்தை இல்லை என்பது இராமநாதனுக்குத் தெரியும். காரணம் இருக்கிறதோ இல்லையோ, அந்த மனிதரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? தூணோரத்துக்கே திரும்பி வந்தான்.

மீனம்மாள் புருஷனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது உடம்பைக் கொடுத்தாளே தவிர, அவள் அழவில்லை. பின்பக்கம் வள்ளிக்கண்ணு பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். குமரப்பன் மற்ற ஆண்களோடு நீர்மாலை எடுக்க ஊருணிக்குக் கிளம்பினார். அந்தத் தண்ணீர் வந்துதான் உடம்பைக் குளிப்பாட்ட வேண்டும். சங்குச் சத்தம் தெருமுனை திரும்பியதும் மீனம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"அவுகளுக்குக் கையைச் சுத்தம் பண்ணணும். எல்லாரும் கொஞ்சம் அங்குட்டு இருங்க."

சொன்ன விதத்தில் யாருக்கும் மறுத்துப் பேசத் தோன்றவில்லை. பெண்கள் எழுந்து வாசல் பக்கம் போனார்கள். அவள் புருஷனின் வேலைக் கொட்டகைக்குப் போய்த் திரும்பினாள். இடுப்பில் பிளாஸ்டர் தகரம், கையில் ஒரு மரப்பெட்டி. போன தை மாதம் மாமனாருக்காக இராமநாதன் செய்துகொடுத்த பெட்டி அது. மூலையெல்லாம் பல் கோத்து இழைத்திருந்தான். சாந்து ஊற்றுகிற பெட்டிக்கு இத்தனை சிங்காரமா என்று அப்போது ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்.

கல்யாணமானதிலிருந்து மீனம்மாள் மாப்பிள்ளையிடம் கதவோரம் நின்று, பாதி முகத்தை மறைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாள். இன்று நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, இங்குட்டு வந்து உக்காருங்க. எனக்கு இன்னொரு ஆள் கை வேணும்."

அவனுக்கு விளங்கியது. பாயோரம் உட்கார்ந்தான்.

அவள் தேங்காயெண்ணெயில் சோப்பைக் குழைத்து அழகுசுந்தரத்தின் இடது கை முழுக்கத் தடவினாள். நகக்கண், விரலிடுக்கு, கம்பி அறுத்து ஆட்காட்டிவிரலில் தழும்பேறிய இடம் என்று ஒன்றையும் விடவில்லை. எண்ணெய் படாத இடத்தில் பிளாஸ்டர் தோலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கிண்ணத்துத் தண்ணீரில் பிளாஸ்டர் மாவைக் கை நிறைய அள்ளித் தூவினாள். மாவில் தண்ணீர் விடக் கூடாது, தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். தானாக ஊறி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குமிழி வராமல் அடியிலிருந்து விரலால் கலக்கினாள். மோராக இருந்தது தயிராகிற நேரம் பார்த்துப் பெட்டியில் ஊற்றினாள்.

"இறக்குங்க. பதமா."

இராமநாதன் மணிக்கட்டைப் பிடித்து உள்ளங்கை கீழே இருக்கும்படி இறக்கினான். கை சில்லென்றிருந்தது. காலையில் பிரித்து விட்ட அதே வளைவில் விரல்கள் நின்றன. மீனம்மாள் ஒவ்வொரு விரலையும் மேலிருந்து லேசாக அழுத்திவிட்டாள்.

"இந்தக் கை ஆடாம இருந்தது இன்னிக்குத்தான். ஒவ்வொரு தடவையும் மூக்கு அரிக்குதும்பாக, கால் மரத்துப் போச்சும்பாக. ரெண்டு அச்சுக்கு ஒரு அச்சு வீணாப் போகும்."

வாசலில் பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டரின் பளபளப்பு மெல்ல மங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவன் பிடித்திருந்த மணிக்கட்டின் அடிப்பக்கம் வெதுவெதுத்தது. முதலில் தன்னுடைய கைச் சூடு என்று நினைத்தான். அது ஏறிக்கொண்டே போனது. செத்த கை சுட்டது. அவன் பயந்துபோய் மாமியாரைப் பார்த்தான்.

"பயப்படாதீக. இறுகுறப்ப பிளாஸ்டர் அப்படித்தான் சுடும்" என்றாள்.

மாமனார் சொல்லி அவனும் கேட்டிருக்கிறான். ஆனால் கேட்டது காதுதானே, கைக்கு அது தெரியவில்லை. அந்தச் சூடு போய்விடக் கூடாது என்று அவன் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

மீனம்மாள் விரல் கணுவால் பெட்டியின் ஓரத்தைத் தட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது. பின்னுக்கு நகர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ம், ஆச்சு. உருவுங்க."

இராமநாதன் தன்னிடம் சொல்வதாக நினைத்தான். அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை. பாயில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிருள்ள கை என்றால் இந்த இடத்தில் உள்ளுக்குள் விரலை நெளித்து நெளித்துத் தானே கழன்று வரும், அடுத்தவர் வேலையே இல்லை. அந்த நினைப்பில் கையைப் பாதிக்கு மேல் அமுக்கி விட்டிருந்தாள். வளைந்த விரல்களைப் பிளாஸ்டர் நன்றாகக் கவ்வியிருந்தது.

"நேரமாகுது, உருவுங்களேன்" என்றாள் மறுபடியும், கொஞ்சம் சலிப்போடு.

சொல்லி முடித்தபோது அவளுக்கே தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. சத்தம் வெளியே போகாமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்க அழுதாள். இராமநாதனுக்கும் கண்ணில் நீர் முட்டியது, துடைக்க அவனுக்குக் கை இல்லை.

சங்கு கிட்டத்தில் கேட்டது. முதலில் வந்தவர் குமரப்பன்தான். ஈர வேட்டியும் தலையில் நீர்க்குடமுமாக வாசல்படி ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டிக்குள் அண்ணனின் கை, பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு மதினி, தாடியும் கண்ணீருமாக மாப்பிள்ளை. அவரும் அதே வேலை பார்க்கிறவர். அது என்ன என்றோ யாருக்கு என்றோ அவர் கேட்கவில்லை. படியிலேயே திரும்பினார்.

"இந்தத் தண்ணி கலங்கலா இருக்கு. கொட்டிட்டு இன்னொரு நடை போயிட்டு வந்துருவோம்" என்று பின்னால் வந்தவர்களிடம் சொல்வது கேட்டது. ஐப்பசி மழைக்கு ஊருணி நிரம்பிக் கிடக்கிறது, இதில் என்ன கலங்கல் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் குடத்தைக் கவிழ்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

இராமநாதன் சோப்புத் தண்ணீரை விளிம்பைச் சுற்றி விட்டான். மரக் கொட்டாப்புளியால் பெட்டியின் நாலு பக்கத்தையும் நோகாமல் தட்டினான். பிறகு சுண்டுவிரலில் தொடங்கினான். காலையில் நிமிர்த்தியது போலவே மெல்ல நிமிர்த்த, அது பிளாஸ்டரை விட்டது. அடுத்தது மோதிரவிரல். இந்தத் தடவை ஒன்றும் திரும்ப மடங்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கட்டைவிரல் வந்ததும் முழுக் கையும் எழும்பி அவன் கைக்குள் வந்தது. மீனம்மாள் அதை வாங்கி, விரலிடுக்கில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தன் முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள கொண்டு போயிருங்க" என்றாள், நிமிராமலே.

பெட்டியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் பின்சந்தில் நடந்தான். நடந்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஓடினான். இரண்டு தெருவும் அன்றைக்கு நீண்டு கிடந்தன. வள்ளிக்கண்ணு கிணற்றடியில் நின்று, துஷ்டி வீட்டிலிருந்து வருகிறவர் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது என்று தடுத்தாள். அவன் பெட்டியைத் துவைகல்லில் வைத்துவிட்டு, உடுத்திய வேட்டியோடு இரண்டு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான். அதற்குள் அவள் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டாள். பெட்டிக்கும் தண்ணீர் தெளித்தாக வேண்டும். கையில் அள்ளிய தண்ணீரை முக்கால்வாசி கீழே விட்டுவிட்டு, மிச்சத்தைப் பெட்டியின் பலகை மேல் மட்டும் தெளித்தாள்.

கல்யாணசுந்தரி உள்ளறையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் முன்னால் பெட்டியை வைத்தான். வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தவன், துண்டை மட்டும் எடுத்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். விரலடிகளில் தடித்திருந்த காய்ப்பு, ஆட்காட்டிவிரல் தழும்பு, உள்ளங்கை ரேகை எல்லாம் வெள்ளைக்குள் குழிந்தும் மேடாகவும் இருந்தன. வெகுநேரம் தொடவில்லை. சூடு போய்விடப் போகிறது என்று அவனுக்கு அடித்துக்கொண்டது. அவள் இடது கையை மெல்ல இறக்கி, அப்பாவின் கை இருந்த இடத்தில் வைத்தாள். அவளுடைய விரல்நுனிகள் அவருடைய கடைசிக் கணுவரைக்கும்தான் எட்டின.

"சுடுது" என்றாள்.

சிறு பிள்ளையிலிருந்து அந்தக் கொட்டகையில் பிளாஸ்டரோடு விளையாடி வளர்ந்தவள் அவள். அது ஏன் சுடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவனும் சொல்லவில்லை.

இரண்டு தெரு தள்ளிச் சங்கு ஊதினார்கள். பாடையோடு சேகண்டிச் சத்தம் நகர்ந்து நகர்ந்து தூரமாகப் போனது. வள்ளிக்கண்ணு கதவைச் சாத்த வந்தாள், கல்யாணசுந்தரி தலையசைத்ததும் திறந்தபடியே விட்டுவிட்டாள். இராமநாதன் எதிர்ச் சுவரோரம் ஈரத்தோடு உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்த்தாள், காலைக்குப் பிறகு முதல் தடவையாக.

"தலையைத் துவட்டுங்க" என்றாள்.

வள்ளிக்கண்ணு கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். சேகண்டிச் சத்தம் அடியோடு நின்ற பிறகு, கல்யாணசுந்தரி இடது கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே வலது கையால் கரண்டியை எடுத்துக் கஞ்சியைக் குடிக்கத் தொடங்கினாள்.